‘நரம்புத் தளர்ச்சி’ என்று வந்தவரின் ரத்தக் குழாய்: ஒரு நிகழ்வு ஆய்வு

அன்றைக்குக் கடைசி டோக்கன் அவருடையது. மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது, வெளியே ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று. பின்னால் வந்த இரண்டு பேரை “நீங்க முன்னால போங்க, எனக்கு அவசரமில்லீங்க” என்று உள்ளே அனுப்பிவிட்டு அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்ததாக நர்ஸ் பிறகு சொன்னார். வயது 48. ஈரோடு பக்கத்தில் எட்டுத் தறி போட்டு விசைத்தறிப் பட்டறை நடத்துகிறார். கூடவே கொஞ்சம் தென்னந்தோப்பு. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், நோயின் போக்கை மாற்றவில்லை.

“வாயுத் தொல்லைங்க சார். சாப்பிட்டுட்டு நடந்தா நெஞ்சுல வந்து நிக்குது” என்றார். பிரஷர் பார்த்தேன், 152/96. ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு எழுந்தார், நாற்காலியைப் பின்னால் தள்ளினார், கதவு வரை போனார். திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் பொடி. கவரின் மேல் ஓர் எழுத்துகூட இல்லை.

“இதத் தொடர்ந்து சாப்பிடலாமுங்களா சார்?”

“எதுக்குக் குடுத்தாங்க?”

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நரம்புத் தளர்ச்சிக்குங்க.”

இந்தச் சொல்லை நம்மூரில் மருத்துவம் பார்க்கிற யாரும் வாரத்துக்கு நாலு முறையாவது கேட்டிருப்போம். கை நடுக்கம், தூக்கமின்மை, களைப்பு என்று எதற்கும் சொல்வார்கள். ஆனால் நாற்பதைத் தாண்டிய ஆண் ஒருவர், அறையில் வேறு யாரும் இல்லாதபோது, குரலைத் தாழ்த்தி அதைச் சொன்னால் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: தாம்பத்திய உறவின்போது ஆண்குறி விறைப்படைவதில்லை, அல்லது விறைப்பு நிலைப்பதில்லை. மருத்துவத்தில் இதை விறைப்புக் குறைபாடு என்கிறோம். அந்தப் பழைய பெயர் செய்கிற கெடுதல் பெரிது. நரம்பு என்று சொன்னவுடன் ஆள் டானிக்கைத் தேடிப் போகிறார், லேகியத்தைத் தேடிப் போகிறார். ரத்தக் குழாயை யாரும் நினைப்பதில்லை.

அவர் சொன்ன கதை

ஒன்றரை வருடமாக இருக்கிறது. திடீரென்று வரவில்லை. முதலில் விறைப்பு பாதியில் தளர்ந்தது, அப்புறம் ஆரம்பமே சரியாக வரவில்லை, கடைசி ஐந்தாறு மாதமாக முயற்சி செய்வதையே விட்டுவிட்டார். ஆசை குறையவில்லை. காலையில் எழும்போது தானாக வருகிற விறைப்பு இருக்கிறதா என்று கேட்டேன். யோசித்தார். “அது நின்னு ஒரு வருசம் இருக்குமுங்க. வயசாயிடுச்சுன்னு விட்டுட்டேன்.”

இந்தப் பதிலை நான் அடிக்கோடிட்டுக் குறித்துவைத்தேன். நல்ல உடல்நிலையில் உள்ள ஆணுக்கு இரவுத் தூக்கத்தில், கனவு காண்கிற கட்டங்களில், மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு வந்து போகும். அதற்கு ஆசையும் வேண்டாம், துணையும் வேண்டாம். கவலையாலோ மனச்சங்கடத்தாலோ விறைப்பு வராமல் போகிறவருக்குப் பெரும்பாலும் இந்த இரவு விறைப்பும் காலை விறைப்பும் அப்படியே இருக்கும். கோளாறு திடீரென்று தொடங்கியிருக்கும், ஒரு நாள் சரியாக இருக்கும், மறுநாள் இருக்காது. இவருக்கோ மெல்ல மெல்ல வந்தது, எல்லா நேரமும் ஒரேபோல, காலையிலும் இல்லை. பிழை உடம்புக்குள் எங்கோ இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறியை நோயாளியின் வாயிலிருந்து எதிர்பார்க்க முடியாது.

ஐந்து கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் உண்டு. 5 முதல் 25 வரை மதிப்பெண், 22க்குக் குறைந்தால் குறைபாடு இருப்பதாகக் கொள்வோம். கேள்விகளைத் தமிழில் நானே படித்தேன், அவர் விரலால் எண் காட்டினார். வாயால் சொல்லக் கூச்சம். மொத்தம் 10 வந்தது.

மற்றவை வேகமாக வந்தன. 25 வருடமாக சிகரெட், நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு. தறி ஓடும் இரவுகளில் கூடும். மது எப்போதாவது. சுகர் ஒருநாளும் பார்த்ததில்லை. அப்பா 52 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார், “மாரடைப்புன்னு சொன்னாங்க”. திருச்செங்கோடு மலைக்கு வருடா வருடம் படியேறிப் போகிறவர், இந்த வருடம் பாதியில் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கவே உட்கார்ந்துவிட்டாராம். ஏப்பம் விட்டதும் சரியாகிவிட்டது என்று சொன்னார். சரியானது ஏப்பத்தால் இல்லை, உட்கார்ந்ததால்.

அந்தப் பொடியின் கதையையும் கேட்டேன். மாதம் ஒரு முறை குறிப்பிட்ட தேதியில் ஒரு லாட்ஜில் வந்து தங்கும் ஒருவரிடம் வாங்கியது. மூன்று தவணையாக 18,000 ரூபாய். பாலியல் குறைபாட்டைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டமே தடுக்கிறது. சுவரொட்டிகள் இன்றும் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரை நிறைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. கூசிப்போன மனிதன் கண்ணில் முதலில் படுவது அதுதான், எங்கள் பெயர்ப் பலகை இல்லை.

பொடி வேலை செய்ததா? “மொத ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சுங்க. ஆனா சாப்பிட்ட ஒரு மணி நேரத்துல மூஞ்சி காந்தும், மூக்கு அடைக்கும், தலை வலிக்கும்.” முகம் காந்துவது, மூக்கடைப்பு, தலைவலி: இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு நினைவுக்கு வருவது மூலிகை இல்லை, சில்டனாபில், அதாவது ‘வயாகரா’ மாத்திரையில் உள்ள மருந்து. மூலிகை என்று விற்கப்படும் இப்படிப்பட்ட பொருட்களில் சில்டனாபிலும் அதன் உறவுக்கார மருந்துகளும் சொல்லாமல் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இவர் பொடியை நான் ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை. சந்தேகம் மட்டும் போதுமானதாக இருந்தது, ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கைகளால் பார்த்தது

இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ. விதைகள், மீசை தாடி, உடல் ரோமம் எல்லாம் இயல்பு. ஆகவே ஹார்மோன் குறை முதல் சந்தேகம் இல்லை. ஆண்குறியில் கட்டியோ வளைவோ இல்லை. இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்தேன், அதிர்வு நன்றாகத் தெரிந்தது. நைலான் இழையால் பாதத்தைத் தொட்டதும் தெரிந்தது. ‘நரம்பு’ என்று வந்தவரின் நரம்பு, குறைந்தபட்சம் கால் நரம்பு, நன்றாகவே இருந்தது.

அடுத்து தொடை இடுக்கில் நாடி பிடித்துப் பார்த்தேன். ஏன் அங்கே என்று அவர் கேட்டார். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெரிஷ் விவரித்த ஒரு நிலை உண்டு, அவர் பெயரிலேயே வழங்குகிறது. மகாதமனி வயிற்றின் கீழே இரண்டாகப் பிரியும் இடத்தில் அடைத்துக்கொண்டால், நடக்கும்போது பிட்டமும் தொடையும் வலிக்கும், தொடை இடுக்கில் நாடி தளர்ந்துபோகும், விறைப்பும் போய்விடும். ரத்த ஓட்டத்துக்கும் விறைப்புக்கும் உள்ள உறவை அதைவிடப் பச்சையாகக் காட்டும் நோய் இல்லை. இவருக்குத் தொடை நாடி இரண்டு பக்கமும் திடமாக இருந்தது. பாதத்தில் மட்டும் இடது பக்கம் சற்று மெலிவு. பெரிய குழாய்கள் திறந்திருக்கின்றன, சின்னவைதான் சந்தேகத்துக்கு உரியவை.

அந்தச் சின்னக் குழாய்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நிகழ்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஆண்குறிக்குள் எலும்பு இல்லை, விறைப்பைத் தரும் தசைநாரும் இல்லை. நீளவாக்கில் இரண்டு பஞ்சுத் தண்டுகள் இருக்கின்றன. பஞ்சின் கண்ணறைகளைச் சுற்றி மென்தசை. சாதாரண நேரத்தில் அந்தத் தசை சுருங்கியே இருக்கும், அதனால் ரத்தம் பெயரளவுக்குத்தான் உள்ளே வரும். கிளர்ச்சி வந்ததும் நரம்பு நுனிகளும், ரத்தக் குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் செல்களும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளிவிடுகின்றன. அது மென்தசைக்குள் ஜி.எம்.பி. என்ற வேதிப்பொருளைப் பெருக்கிச் சுருக்கத்தை அவிழ்க்கிறது. குழாய் விரிகிறது, பஞ்சு ரத்தத்தால் நிறைகிறது, வீங்கிய பஞ்சு சுற்றியுள்ள கெட்டி உறையோடு சேர்த்துச் சிரைகளை நசுக்கிவிடுகிறது. வந்த ரத்தம் வெளியே போக வழியில்லை. விறைப்பு என்பது இவ்வளவுதான்: வரும் வழி திறந்து, போகும் வழி மூடிக்கொள்வது.

ஆக, ஆசை இருக்கலாம், நரம்பு கட்டளையும் இடலாம், குழாய் விரியாவிட்டால் ஒன்றும் நடக்காது. குழாய் ஏன் விரியாது? உட்சுவர்ச் செல்கள் கெட்டுப்போனால் நைட்ரிக் ஆக்சைடு போதுமான அளவு சுரக்காது. சிகரெட் புகையும், கட்டுப்படாத சர்க்கரையும், ரத்த அழுத்தமும், கெட்ட கொழுப்பும் கெடுப்பது இந்தச் செல்களைத்தான். கெட்ட சுவரில் கொழுப்பு படிய ஆரம்பிக்கும். அப்புறம் வழியே குறுகும்.

இப்போது அளவைப் பாருங்கள். ஆண்குறிக்குப் போகும் தமனியின் குறுக்களவு 1 முதல் 2 மி.மீ. இதயத்துக்கு ரத்தம் தரும் தமனி 3 முதல் 4 மி.மீ. கழுத்தில் மூளைக்குப் போவது 5 முதல் 7. தொடையில் 6 முதல் 8. உடம்பு முழுக்க ஒரே நோய், ஒரே வேகத்தில் படிவு. முதலில் எது திணறும்? மிகச் சிறியதுதான். இத்தாலியில் மோன்டோர்சி என்ற சிறுநீரகவியல் மருத்துவரின் குழு முன்வைத்த விளக்கம் இது. நெஞ்சுவலியோடு வந்து ஆஞ்சியோவில் அடைப்பு உறுதியான 300 ஆண்களை விசாரித்து, 2003இல் அந்தக் குழு முடிவுகளை வெளியிட்டது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு விறைப்புக் குறைபாடு இருந்தது. அப்படி இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு நெஞ்சுவலிக்கு முன்பே அது வந்திருந்தது. சராசரி இடைவெளி 39 மாதம்.

39 மாதம் என்றால் மூன்றே கால் வருடம். மாரடைப்பு வரப்போகிறது என்று மூன்று வருடத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டுப் போகிற அறிகுறி மருத்துவத்தில் வேறு எத்தனை இருக்கிறது? அந்த மூன்று வருடத்தை நம்மூர் ஆண்கள் லேகியத்தில் கழிக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம்.

அவரிடம் இதை மில்லிமீட்டரில் சொல்லவில்லை. “தோப்புக்குச் சொட்டுநீர் போட்டிருக்கீங்களா?” என்று கேட்டேன். போட்டிருக்கிறார். போர் தண்ணீர் உப்பு. “மெயின் பைப்புல தண்ணி வருது, சொட்டுற எடத்துல அடைக்குது, அப்படித்தானே?” என்றதும் முகம் தெளிந்தது. “ஆமாங்க. மொதல்ல நுனிதான் அடைக்கும். நாங்க ஆசிட் விட்டுக் கழுவுவோமுங்க.” ஒரு கணம் நிறுத்தினார். “இதுக்கும் அப்படி எதாச்சும் விட்டுக் கழுவ முடியுமுங்களா?”

முடியாது என்றேன். நுனி அடைத்திருந்தால் மெயினிலும் உப்பு படிந்துகொண்டிருக்கும் என்பதைத்தான் நாம் முதலில் பார்க்க வேண்டும் என்றேன். அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்: “நான் கீழ இருக்கறதுக்கு வந்தேன், நீங்க மேல போறீங்க சார்.”

மேலே போனபோது

ரத்தப் பரிசோதனை வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 148, மூன்று மாதச் சராசரி 8.1. கெட்ட கொழுப்பு 158, நல்ல கொழுப்பு 34, டிரைகிளிசரைடு 240. காலை எட்டு மணிக்கு எடுத்த டெஸ்டோஸ்டிரோன் 430, இயல்பு. தைராய்டு, கிரியாட்டினின் சரி. சர்க்கரை நோய் இருப்பதே அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். அவர்களில் எத்தனை ஆண்கள் விறைப்புக் குறைபாட்டை முதல் அறிகுறியாகக் கண்டு, யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

இ.சி.ஜி. சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்து மகிழ்ந்தவர் அவர், நான் இல்லை. ஓய்வில் எடுக்கிற இ.சி.ஜி. அடைப்பைக் காட்டாமல் போகலாம். நடக்கவிட்டே இ.சி.ஜி. எடுக்கும் டிரெட்மில் பரிசோதனைக்கு அனுப்பினேன். இரண்டாம் கட்டத்தில், ஐந்தாவது நிமிடத்தில், நெஞ்சில் அதே ‘வாயு’ வந்தது. கூடவே இ.சி.ஜி. கோடு 2 மி.மீ. இறங்கியது. பரிசோதனையை நிறுத்தினார்கள். அவர் மாதக்கணக்காக ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது இதய வலிக்கு.

ஆண்குறி ரத்த ஓட்டத்துக்கே டாப்ளர் ஸ்கேன் உண்டு. ஊசி மூலம் விறைப்பு மருந்தைச் செலுத்தி, தமனியில் ரத்தம் பாயும் உச்ச வேகத்தை அளப்பார்கள். விநாடிக்கு 25 செ.மீ.க்குக் குறைந்தால் தமனியில் கோளாறு என்று பொருள், 35க்கு மேல் என்றால் இயல்பு. நான் எழுதிக் கொடுக்கவில்லை. இளம் வயதில் விபத்தில் இடுப்பு அடிபட்டவருக்கு, அறுவை சிகிச்சை பற்றி முடிவெடுக்க வேண்டியவருக்கு அது தேவை. இவருக்கு அந்தப் பணம் ஆஞ்சியோவுக்குப் போவதே சரி என்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கோவையில் ஆஞ்சியோ செய்தார்கள். இதயத்தின் முன்பக்கம் இறங்கும் முக்கியத் தமனியில் 85 சதவீத அடைப்பு, வலது தமனியில் 40. முதலாவதில் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் தவறவிட்டது

ஆஞ்சியோ அறிக்கையை ஃபைலில் வைக்கும்போதுதான் என் பழைய சீட்டு கண்ணில் பட்டது. எட்டு மாதத்துக்கு முன்பு இதே மனிதர், இதே வாயுத் தொல்லைக்கு என்னிடம் வந்திருக்கிறார். என் கையெழுத்தில் வயிற்று அமிலத்துக்கான பேன்டபிரசோல் 40, காலையில் ஒன்று, 14 நாள். சிகரெட் பற்றி ஒரு வார்த்தை குறித்திருக்கிறேன். வேறொன்றும் கேட்கவில்லை. அன்றைக்குக் கூட்டம் அதிகமாக இருந்திருக்கும், பெஞ்சு நிறைந்திருக்கும், அவரும் எல்லாருக்கும் முன்னால் சொல்ல முடியாமல் எழுந்து போயிருப்பார். அந்த எட்டு மாதத்தில் அந்த 85 சதவீதம் முழுதாக மூடியிருக்கலாம். அதற்குப் பிறகு நாற்பது தாண்டிய, சிகரெட்டோ சுகரோ பிரஷரோ உள்ள எந்த ஆண் வந்தாலும் காலை விறைப்பைப் பற்றி நானே கேட்கிறேன். “தூக்கம் எப்படி, பசி எப்படி, காலையில விறைப்பு வருதா” என்று மூன்றாவது கேள்வியாக, குரலை மாற்றாமல் கேட்டால், யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பலர் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள்.

மாத்திரையை ஏன் முதலில் கொடுக்கவில்லை

அவருடைய நியாயமான கேள்வி இது. “அந்த நீல மாத்திரைய மொதல்லயே எழுதியிருக்கலாமே சார்?”

சில்டனாபில் பிறந்த கதையே இதற்குப் பதில். 1980களின் இறுதியில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சாண்ட்விச் என்ற ஊரிலிருந்த ஃபைசர் ஆய்வகத்தில் அதை உருவாக்கியது நெஞ்சுவலிக்காக, இதயத் தமனிகளை விரிப்பதற்காக. நெஞ்சுவலிக்கு அது எதிர்பார்த்தபடி உதவவில்லை. சோதனைக்கு வந்த ஆண்கள் வேறொரு விளைவைச் சொன்னார்கள். 1998 மார்ச்சில் அமெரிக்காவில் விறைப்புக் குறைபாட்டுக்கு அனுமதி கிடைத்தது. அதே 1998இல்தான், நைட்ரிக் ஆக்சைடு ரத்தக் குழாய்க்குச் செய்தி சொல்லும் பொருள் என்று கண்டதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு. இதயத்துக்குத் தேடிய மருந்து ஆண்குறியில் வேலை செய்தது விந்தை இல்லை, இரண்டும் ஒரே குழாய்க் குடும்பம்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. நெஞ்சுவலிக்காரர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சார்பிட்ரேட் மாத்திரை நைட்ரேட் வகை. அது உடலில் நைட்ரிக் ஆக்சைடைக் கொடுத்து ஜி.எம்.பி.யை உண்டாக்குகிறது. சில்டனாபிலோ ஜி.எம்.பி. சிதையாமல் தடுக்கிறது. ஒன்று குழாயைத் திறந்துவிடுகிறது, மற்றது மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும், உயிரே போகலாம். சில்டனாபில் சாப்பிட்டால் 24 மணி நேரம், அதே வகை மருந்தான டடலாபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் தொடக்கூடாது.

டிரெட்மில் முடிந்த அன்று, வலி வந்தால் நாக்கடியில் வைக்க சார்பிட்ரேட் எழுத வேண்டிய நிலை. அதற்கு முன்னால் அந்தப் பொடியை என் மேசையிலேயே வாங்கி வைத்துக்கொண்டேன். வீட்டில் மிச்சம் இருந்த கவர்களையும் அன்று மாலையே மகன் மூலம் கொடுத்தனுப்பினார். பொடிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு நைட்ரேட் மாத்திரையை எழுத எனக்குத் துணிவில்லை. லாட்ஜ் பொடியை வெறும் பண நஷ்டம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொள்ளட்டும்: பட்டறையில் நெஞ்சுவலி, பக்கத்து மருந்துக் கடையில் யாரோ ஒரு சார்பிட்ரேட் கொடுக்கிறார், பொடி பற்றி யாருக்கும் தெரியாது.

உறவுக்கே இதயம் தாங்குமா என்பது இன்னொரு கேள்வி. இரண்டு மாடிப் படியை வேகமாக ஏறி இறங்கி, நெஞ்சு வலியோ கடும் மூச்சிரைப்போ இல்லாதவருக்குத் தாம்பத்தியம் ஆபத்தில்லை என்பது நடைமுறைக் கணக்கு. பாதி மலையில் உட்கார்ந்தவருக்கு அந்தக் கணக்கு அன்று ஒத்துவரவில்லை.

மனைவி வந்த நாள்

ஸ்டென்ட் வைத்துப் பத்தாம் நாள் மனைவியோடு வந்தார். மாத்திரைகளைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, அவருடைய சம்மதத்தோடு, அந்த விஷயத்தையும் இருவர் முன்னிலையில் எடுத்தேன். இதயத்துக்கு வந்த அடைப்பும் இதுவும் ஒன்றே என்று சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: “என்னைப் புடிக்காமப் போச்சுன்னு இருந்தேனுங்க டாக்டர். ஒன்றர வருசமா.”

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் பிரஷர் பார்க்கும் கருவியைச் சுருட்டி வைக்கிற வேலையைக் கொஞ்சம் மெதுவாகவே செய்தேன்.

பின்தொடர்ந்தது

ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்தம் உறையாத மாத்திரை, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். பிரஷருக்கு டெல்மிசார்ட்டன். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை தேவைப்பட்டதால் நெபிவோலால் போதுமா என்று இதய மருத்துவரிடம் கேட்டேன், சம்மதித்தார். பழைய பீட்டா பிளாக்கர்கள் சிலவும் சிறுநீரைப் பெருக்கும் தையசைடு வகை மாத்திரையும் விறைப்பைக் குறைக்கக்கூடும். நெபிவோலாலோ நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டும் தன்மை உடையது. மாத்திரை விறைப்பைக் கெடுக்கிறது என்று பயந்து பிரஷர் மருந்தையே நிறுத்திவிடும் ஆண்கள் நிறைய. மாற்று இருக்கிறது, கேட்டால் மாற்றித் தருவோம்.

சிகரெட்தான் கடினமாக இருந்தது. மூன்றாவது மாதம் தறி வேலை நெருக்கடியில் மறுபடி ஆரம்பித்துவிட்டார், நாளுக்கு இரண்டு. அதை ஒளிக்காமல் வந்து சொன்னதை நான் முன்னேற்றமாகவே எடுத்துக்கொண்டேன். ஐந்தாம் மாதத்திலிருந்து இல்லை. காலையில் 45 நிமிட நடை, வாய்க்கால் கரையில். நடையும் உணவும் விறைப்புக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு, 2004இல் இத்தாலியிலிருந்து வந்த ஆய்வைச் சொல்வேன். விறைப்புக் குறைபாடுள்ள 110 பருமனான ஆண்களில் பாதிப் பேருக்கு எடை குறைக்கவும் உடற்பயிற்சிக்கும் தீவிரமாக வழிகாட்டினார்கள். இரண்டு வருடத்தில் அந்தப் பாதியில் 55க்கு 17 பேர் மாத்திரை இல்லாமலே இயல்புக்குத் திரும்பினர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற மறுபாதியில் 3 பேர். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நடையும் உணவுமே மருந்து.

எட்டாவது வாரம் மறுபடி டிரெட்மில். ஒன்பது நிமிடம் ஓடினார், கோடு இறங்கவில்லை. நைட்ரேட் தேவையில்லை என்று இதய மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் டடலாபில் தொடங்கினேன், 5 மி.கி., தினமும் ஒன்று. இந்த மாத்திரை சாப்பிடும் காலத்தில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் வாக்கியமாக அதைச் சொல்ல வேண்டும் என்று மனைவியிடமும் சொல்லி வைத்தேன். சார்பிட்ரேட்டை வீட்டிலிருந்து அகற்றியாயிற்று.

ஒன்பதாம் மாதம்: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.7, கெட்ட கொழுப்பு 62, பிரஷர் 128/80, இடுப்பு 97 செ.மீ. ஐந்து கேள்வி மதிப்பெண் 10இலிருந்து 18. முழு இயல்பு இல்லை. 25 வருடப் புகை சுவரில் எழுதிவிட்டுப் போனது முழுதாக அழியாது என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். ஆனால் விரலால் எண் காட்டாமல் வாயால் பதில் சொன்னார். காலை விறைப்பு வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருகிறது என்றும் அவராகவே சொன்னார்.

அன்றைக்கு அவர் தனியாக வரவில்லை. தம்பியைக் கூட்டி வந்திருந்தார், 41 வயது, அதே பட்டறையில் கணக்குப் பார்ப்பவர். “இவனுக்கும் வாயுத் தொல்லைங்கறானுங்க சார், சும்மா பாத்துடுங்க” என்று சொல்லிவிட்டு அண்ணன் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தம்பியின் சட்டைப் பையில் சிகரெட் பெட்டி மேடாகத் தெரிந்தது. தூக்கம் எப்படி என்று கேட்டேன், பசி எப்படி என்று கேட்டேன், மூன்றாவதையும் கேட்டேன். சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.